தையலுக்கு விட்ட ஒரு இன்ச்

அந்தத் தையல் கடையில் எட்டு மெஷின், ஒரு கட்டிங் மேசை. மேசையை வாங்கிப் போட்டவர் முதலாளி. ஆனால் அதன் மேல் டீ கிளாஸ் வைக்கிற தைரியம்கூட அவருக்குக் கிடையாது. அது கட்டிங் மாஸ்டரின் மேசை. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் மாஸ்டரை ‘ஒரிஞ்சு’ என்றுதான் சொல்வார்கள். உடம்பில் டேப்பை வைத்து அளக்கும்போதே, தையலுக்கு விட வேண்டிய ஒரு இன்ச்சைச் சேர்த்துத்தான் அவர் வாய் சொல்லும். டேப்பில் பதினாறு இருந்தால் “பதினேழு” என்பார். மற்ற மாஸ்டர்கள் உள்ள அளவை எழுதிக்கொண்டு, வெட்டும்போது கூட்டிக்கொள்வார்கள். இவருக்கு அந்தப் பொறுமை இல்லை. முப்பது வருடமாகக் கண் ஒன்றைப் பார்த்தது, வாய் வேறொன்றைச் சொன்னது. அந்தப் பழக்கம் அப்படியே எலும்பில் ஊறிவிட்டது.

அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுகிறவள் அவர் மனைவி. பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, ஓரம் மடிக்கிற ஹெம்மிங் எல்லாம் அவள் வேலை. அதனால் கடையில் அவளுக்குக் காஜாக்கா என்று பெயர். பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தாள், இருபதில் மாஸ்டருக்கே வாழ்க்கைப்பட்டாள். அதுவரை கடையில் மட்டும் வாங்கிய திட்டை வீட்டிலும் வாங்க ஆரம்பித்தாள். அவள் கண்ட பதவி உயர்வு அதுதான்.

ஒருமுறை ஒரு பள்ளி வாத்தியாரின் சட்டைக்குக் கை நீளம் குறைவாக இருப்பதாக அவளுக்குப் பட்டது. ஆள் நல்ல உயரம் என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் கேட்காமல் ஹெம்மிங்கில் அரை இன்ச் இறக்கிவிட்டாள். வாத்தியார் போட்டுப் பார்த்தார், கச்சிதம். சந்தோஷமாக, “கையை இறக்கினது நல்லதாப் போச்சு” என்று மாஸ்டரிடமே சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் எட்டு மெஷினும் நின்றன. அவள் தைத்து வைத்திருந்த பதினோரு சட்டைகளின் ஹெம்மிங்கையும் பிரிக்கச் சொன்னார் மாஸ்டர். நின்றுகொண்டே பிரிக்க வேண்டும், உட்காரக் கூடாது.

“நோட்டுல இருக்கிறதைத் தைக்கத்தான் நீ. யோசிக்கிறதுக்கு இல்ல,” என்றார். எல்லோரும் குனிந்து துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிரித்து முடிக்க சாயங்காலம் ஆனது.

அப்பேர்ப்பட்ட மாஸ்டருக்குத்தான் ஐம்பத்து நாலாவது வயதில் பக்கவாதம் வந்தது. சட்டைத் துணியில் பாதி வெட்டியிருக்கும்போது கத்திரிக்கோல் கையிலிருந்து நழுவியது, ஆளும் சரிந்தார். கால் பத்து நாளில் தேறிவிட்டது. வாய் ஒரு குறையும் இல்லாமல் தப்பித்துக்கொண்டது. வலது கை மட்டும் விரல்கள் மூடி, மடங்கியபடி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் கெட்டிக்காரி. முன்கையில் ஒரு இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே முடியைச் சதுரமாகச் சிரைத்து, பேனாவால் கோடு போட்டு, அதன் மேல் கரண்ட் பாய்ச்சுகிற பேட் ஒன்றை ஒட்டினாள். அதற்கு நேர் கீழே இன்னொன்று. சின்ன மெஷினிலிருந்து அவற்றுக்கு வயர் போனது. மெஷினின் குமிழை மெல்லத் திருகியதும் மாஸ்டரின் விரல்கள், மூன்று வாரமாக மூடிக் கிடந்தவை, லேசாக விரிந்தன. “கரண்ட் வர்றப்போ நீங்களும் மனசால விரிக்கணும் சார். மெஷின் பாதி, நீங்க பாதி. சும்மா இருந்தா கை கத்துக்காது,” என்றாள். மெஷினை வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி. கூடவே நூல்கண்டுகளை ஒரு டப்பாவிலிருந்து எடுத்து இன்னொரு டப்பாவில் போட வேண்டும். முதல் நாலு மாதம்தான் கை சீக்கிரம் கத்துக்கொள்ளும், அதை விட்டுவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் இடத்தைச் சரிபார்த்துத் தருவதாகவும் சொன்னாள்.

முதலாளியும் அந்த நாலு மாதத்தையே கெடுவாகப் பிடித்துக்கொண்டார். அதுவரை மேசை மாஸ்டருக்காகக் காத்திருக்கும். கத்திரிக்கோல் பிடிக்க முடியாவிட்டால் வேறு ஆள்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் செய்த முதல் வேலை டேப்பை எடுத்தது. குளித்தால் பேனாக் கோடு அழிந்துவிடுமாம். அதற்காக ஒரு சின்னப் பெண்ணிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் நிற்பதா? முழங்கை எலும்பில் மனைவியை நுனியைப் பிடிக்கச் சொல்லி, இடது கையால் டேப்பைப் பேனாக் கோடு வரை இழுத்து அளந்தார். “கீழே நாலு. குறுக்கே ரெண்டு. எழுதிக்கோ.” அவள் எழுதினாள். தாளைச் சுவரில் ஒட்டினார்கள்.

கோடு இருந்த வரைக்கும் கோட்டின் மேல் ஒட்டினாள், விரல்கள் விரிந்தன. கோடு அழிந்த பிறகு தாளைப் பார்த்து ஒட்டினாள். கரண்ட் வந்தது, மணிக்கட்டு விருட்டென்று மேலே எழும்பியது, விரல்கள் இன்னும் இறுக்கமாக உள்ளே மடங்கின. “பார்த்தியா, கை தூக்குது,” என்றார் மாஸ்டர். காஜாக்கா விரல்களைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். சிரைத்த சதுரத்தில் முடி இன்னும் முள்ளாகத்தான் நின்றது. பேட் அதிலிருந்து ஒரு இன்ச் கீழே, ஒரு இன்ச் தள்ளி ஒட்டியிருந்தது. அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பதினாறைப் பதினேழு என்று சொல்லிக் கேட்டே அவள் வாழ்க்கை போயிருக்கிறது.

அன்றே சொன்னாள். “என்னங்க, பழக்கத்துல தையலுக்கும் சேர்த்துச் சொல்லிட்டீங்களோன்னு தோணுது. மூணும் ஒண்ணும்தான் வரும் போல.”

நூல்கண்டு டப்பா அவள் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. இடது கையாலும் அவருக்குக் குறி தப்பவில்லை. ஊரில் பாதிப் பேர் அவர் அளவில்தான் சட்டை போடுகிறார்கள், காஜா எடுக்கிறவள் அவருக்கு அளவு சொல்லித்தர வந்துவிட்டாளா என்று தெரு கேட்கக் கத்தினார். கடைசியில் பழைய வார்த்தையையே சொன்னார். யோசிக்கிறதுக்கு அவள் இல்லையாம்.

மறுநாள் அவள் துணிந்து சதுரத்தின் மேலேயே ஒட்டினாள். மெஷினைப் போடுவதற்குள் அவர் டேப்பை வைத்துப் பார்த்தார். மூன்றுதான் காட்டியது. தாளில் நாலு. பேடைப் பிய்த்தெடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டி, அந்தக் கையைக் கெடுக்க வேண்டும் என்று வேண்டுதலா என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. தினமும் இரண்டு வேளை தாளைப் பார்த்து, டேப்பை வைத்து, நூல் பிசகாமல் நாலிலும் இரண்டிலும் ஒட்டினாள். அவர் சரிபார்த்துத் தலையாட்டுவார். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் போன் செய்தால் அவரே எடுத்து, நன்றாகத் தூக்குகிறது, வர வேண்டிய அவசியமில்லை என்பார்.

அவளுக்கு மனசு கேட்டதா என்றால், முதல் மாதம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை விட்டுச் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள். இரண்டாம் மாதம் அந்த நினைப்பு வருவது குறைந்தது. மூன்றாம் மாதம் பேடை ஒட்டும்போது அவளுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. நாம் மூடி மறைப்பானேன், அது நிம்மதி மட்டும் இல்லை, சந்தோஷமும்தான். பதினோரு சட்டைகளைப் பிரித்த சாயங்காலத்திலிருந்து தேடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கைக்குக் கிடைத்த மாதிரி இருந்தது. அவர் ஏவியதைத்தான் அவள் செய்தாள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

நாலாவது மாதக் கடைசி நாள் முதலாளி வரச் சொன்னார். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார், பின்னால் அவள். எட்டு மெஷினும் நின்றன. மேசையில் பழைய துணி ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். மாஸ்டர் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கத்திரிக்கோலின் வளையத்தில் நுழைத்தார். கட்டைவிரலை நுழைப்பதற்குள் மற்ற நாலும் மூடிக்கொண்டன. மறுபடி பிரித்தார். மூன்றாவது தடவை கத்திரிக்கோல் தரையில் விழுந்தது. ஓரமாக மெஷினில் இருந்த எவனோ “ஒரிஞ்சு தள்ளிப் பிடிங்க மாஸ்டர்” என்றான். கடை முழுக்கச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். காஜாக்கா குனிந்து கத்திரிக்கோலை எடுத்து, ஒரு துணித் துண்டில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை மாஸ்டர் தானாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மெஷின் மட்டம் என்று அந்தப் பெண்ணைக் கிழிகிழியென்று கிழித்தார். அவள் பொறுமையாக, வீட்டில் எப்படி ஒட்டுகிறீர்கள், ஒட்டிக் காட்டுங்கள் என்றாள். கூடப் போன காஜாக்கா, சுவரிலிருந்து உரித்துக் கொண்டுவந்த தாளையும் டேப்பையும் பையிலிருந்து எடுத்து ஒட்டிக் காட்டினாள். பெண்ணின் முகம் மாறியது. நாலு மாதமும் இங்கேயா என்று கேட்டாள். பேடை உரித்து, தன் விரலால் தடவிப் பார்த்து, மேலே தள்ளி ஒட்டி, மெஷினைத் திருகினாள்.

விரல்கள் விரிந்தன. ஐந்தும். கத்திரிக்கோல் வளையம் தாராளமாக நுழைகிற அளவுக்கு விரிந்து, ஐந்து விநாடி நின்று, மறுபடி மூடின. மாஸ்டர் அதைப் பார்த்தார்.

“இங்கேயே ஒட்டியிருந்தா இந்நேரம் எவ்வளவோ வந்திருக்கலாம் சார். இனி வராதுன்னு சொல்லல, ஆனா ரொம்ப மெதுவாத்தான் வரும்,” என்றாள் அந்தப் பெண். பிறகு மனைவி பக்கம் திரும்பி, இந்த அளவை யார் எடுத்தது என்று கேட்டாள்.

“அவர்தாம்மா. அவர் சொன்னார், நான் எழுதினேன். எழுதினபடி ஒட்டினேன்.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளில் பழைய எண்களை அடித்தாள். டேப்பின் நுனியை முழங்கை எலும்பில் வைத்து, மறுமுனையை அவருடைய இடது கையில் கொடுத்தாள்.

“எவ்வளவு எழுதட்டுங்க?”

மாஸ்டர் டேப்பைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, “நீயே பார்த்து எழுதிக்கோ,” என்றார். இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கண் கலங்கியிருந்ததை அந்தப் பெண்ணும் பார்த்தாள்.

“யோசிக்கிறதுக்கு நான் இல்லீங்களே,” என்றாள் காஜாக்கா. “நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தாள். வெளியே அடுத்த ஆளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் குனிந்து, டேப்பின் மேல் கண்ணை வைத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, “மூணு” என்றார். காதில் விழவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். அவர் மறுபடியும் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.