பாதி கேட்டவனுக்கு முழுதும் கொடுத்த கதை

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் கூட்டம் நெட்டித் தள்ளும். மற்ற நாளெல்லாம் ஈ ஓட்ட வேண்டியதுதான். அறை என் மாமனாருடையது. கோயில் மடைப்பள்ளியிலும் கல்யாண வீடுகளிலும் சமைக்கிற குடும்பம் எங்களுடையது, அவர்தான் தலைமைச் சமையல். அந்த அறையில் தேங்காய்க் கடை போட ஒருவர் வெகுநாளாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேம்மா. அப்பவும் நீ ஈ ஓட்டிகினு இருந்தா, தேங்காக்காரர்கிட்ட வெத்தல மாத்திக்குவேன்" என்று மாமா சொல்லிவிட்டார். வெற்றிலை பாக்கு மாற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் அவரிடம் யாரும் வாயைத் திறக்க முடியாது.

அந்தச் சமயம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு சுற்றுலா கம்பெனி மெயில் அனுப்பியது. கோயில் ஊர்களைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரைகள் வேண்டும், சரியாக முடித்துக் கொடுத்தால் மாதாமாதம் வேலை உண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எனக்கு டைப் அடிக்கத்தான் வரும், அந்த அளவுக்கு ஆங்கிலம் எழுத வராது. இணையத்தில் எழுதுகிறவர்களைத் தேடி ஒரு விளம்பரம் போட்டேன். அன்றைக்கே ஒருவன் பதில் போட்டான். வரிக்கு வரி மேடம், மேடம் என்று ஒரே மரியாதை. பாதிப் பணம் முன்னால் வேண்டும் என்றான்.

போகிற போக்கில் மாமாவிடம் சொன்னேன். அதுதான் வினை.

"பாதியா? பாதிக் கூலி குடுத்தா பாதி மனசோடதான் சமைப்பான். அடுப்பு பத்தறதுக்கு முன்னாடி முழுசா குடுத்துடணும்மா."

"ஆளு யாருன்னே தெரியாது மாமா. ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாக்கட்டுமா?"

"வேலைக்கு வர்றவன்கிட்ட ருசி காட்டுன்னு கேக்கறதா? எவ்ளோ அவமானம் அவனுக்கு."

அவர் ஆயுசில் முழுக்கூலி வாங்கிக்கொண்டு ஓடின சமையல்காரன் கிடையாது. எப்படி ஓடுவான்? எல்லாரும் பின் தெருக்காரர்கள். இது என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை. சீட்டு எடுத்த பணம் முழுவதையும் வெற்றிலையோடு தட்டில் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் கும்பிட்டு, மாமா நேரம் பார்த்துச் சொன்னபடி ராகு காலம் கழியும் வரை காத்திருந்து, ரயிலேறி அவன் பேங்குக்குக் கிளை இருந்த அரக்கோணம் போய் அவன் கணக்கில் கட்டிவிட்டு வந்தேன். பாதி கேட்டவனுக்கு முழுதும் கட்டிய புத்திசாலி நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஒரே ஒரு கட்டுரை வந்தது. எங்கள் ஊரைப் பற்றி. அதில் கோயில் வாசலில் அலையடிக்கும் கடற்கரை இருந்தது. மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்த என் வயிறு எப்படி எரிந்திருக்கும்? அதில் இரண்டு வரியை எடுத்துத் தேடலில் போட்டேன். வேறு ஏதோ ஊரைப் பற்றி எவரோ எழுதி வைத்திருந்தது, எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. கேட்டு மெயில் போட்டதும் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு கரண்ட் போயிற்று, பிறகு ஆளே போய்விட்டான்.

"நேரம் சரியில்லம்மா" என்றார் மாமா. நேரம் பார்த்துக் கொடுத்ததே நீங்கள்தானே என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அடுத்து கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா எழுதினார். நான் கேட்பதற்கு முன்பே ஒரு பக்கம் எழுதிக் காட்டினார். அதையும் தேடலில் போட்டுப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. போன் பண்ணினேன்.

"கால்வாசி அனுப்புங்க, அதுக்கு உண்டானத எழுதித் தர்றனுங்க. புடிச்சிருந்தா அடுத்த கால்வாசி. பேசுனதயெல்லாம் மெயில்ல போட்டுருங்க. எங்கிட்ட எழுதி வாங்கிட்டு ஓடுனவங்களும் இருக்காங்க" என்றார்.

அட, அந்தப் பக்கமும் இதே கூத்தா என்று அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. இருந்த ஒற்றை வளையலை அடகு வைத்துக் கால்வாசி, கால்வாசியாக அனுப்பினேன். மாமாவிடம் மூச்சு விடவில்லை. கட்டுரைகள் சொன்னபடி வந்தன. கம்பெனிக்குப் பிடித்துவிட்டது. பணமும் வந்தது, இனி மாதாமாதம் வேலை என்று மெயிலும் வந்தது. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. மெயிலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தாம்பூலத் தட்டு. வெற்றிலைமேல் ஒரு நோட்டுக் கட்டு.

"இன்னா மாமா இது?"

"தேங்காக்காரர் வந்துட்டுப் போனாரும்மா. வெத்தல மாத்திகினோம்."

"மாசக் கடைசி வரைக்கும்னு சொன்னீங்களே."

"கடைசியில அஷ்டமி, நவமின்னு வரிசையா வருது. இன்னிக்குத்தான் நல்ல நாளு."

மெயிலை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அப்ப பணத்தத் திருப்பிக் குடுத்துடுங்க மாமா."

"ஒரு வருஷ வாடகைய முழுசா கையில வாங்கிட்டேனே. வாங்கிட்டு எப்பிடிம்மா பேச்சு மாறுறது?"

முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு ஒருவன் பேச்சு மாறினான். இவர் வாங்கிக்கொண்டு மாறமாட்டேன் என்கிறார். இரண்டு பேரிடமும் அகப்பட்டது நான்தான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு கம்ப்யூட்டரை வந்த விலைக்கு விற்றேன். மிச்சம் ஒன்று, பின்கட்டில் கல்யாண அண்டாக்களுக்கு நடுவே குடியேறிற்று. முன்னறையில் தேங்காய் மூட்டைகள் இறங்கிய அன்று அடுத்த மாத வேலை வந்தது. கோயம்புத்தூர் அம்மாவுக்குப் பணம் கட்டக் கிளம்பினேன். மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தம்மாவுக்கு முழுசா குடுத்துடும்மா. மனசு குளிரணும்."

"ஆங், முழுசாத்தான் மாமா" என்று சொல்லிவிட்டு, கால்வாசியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, என் கடையாக இருந்த அறை வழியாக, தேங்காய் மூட்டைகளைத் தாண்டி நடந்தேன்.