படியில் நின்ற ஆள்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில், படங்களைத் துப்புரவு செய்வதுதான் தனுஷ்கோடியின் பிழைப்பு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பிரஷ் பிடித்த கை, கம்ப்யூட்டர் வந்ததும் மவுஸையும் பிடித்துக்கொண்டது. பிள்ளையாருக்குக் கன்னம் சிவக்க வைப்பார். நடிகைக்குப் பரு எடுப்பார். முஸ்லிம் கடைக் காலண்டர் என்றால் ஆள் உருவங்களைக் கேட்காமலே அழித்துவிடுவார். தொழுகிற வீட்டுச் சுவரில் உருவப்படம் மாட்டமாட்டார்கள்.

அந்த ஆடியில் காரியாபட்டி ஜவுளிக்கடை அன்வர் ஒரு படம் கொடுத்திருந்தார். மொகலாயர் கட்டிய பதேபூர் சிக்ரியின் பெரிய வாசல். கேமரா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எவரோ எடுத்தது. தனுஷ்கோடி கறைகளை எடுத்தார். படிக்கட்டில் எறும்பளவு நின்ற ஒரு மனுசனையும் எடுத்தார்.

புரூஃப் வந்ததும் திக்கென்றது. மலை மாதிரி நின்ற வாசல், வீட்டு நிலைக்கதவாய்ச் சுருங்கிக் கிடந்தது. அந்த மனுசன் நின்றதால்தான் அது அம்புட்டு உயரம்.

சாப்பாட்டு வாளியைத் திறக்காமலே ஆளைத் திரும்ப நிறுத்தி, இன்னொரு புரூஃப் எடுத்தார். முதலாளி தங்கப்பாண்டியன் பாய்ந்தார்.

“ஏலே, கிறுக்குப் பிடிச்சிருச்சா? பாய்க்கு ஆள் படமா? ஆர்டர் போச்சுன்னா நீ இங்கன வரவே வேண்டாம்.”

“வரல முதலாளி. ஆனா வாசலைக் குட்டையாக்கி என் கையால அனுப்பமாட்டேன்.”

இரண்டு புரூஃபையும் சுருட்டிக்கொண்டு, விருதுநகரில் பஸ் மாறி காரியாபட்டி போய் இறங்கினார்.

அன்வர் முகம் சுளித்தார். “என்ன அண்ணாச்சி, உருவம் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் பாய். பெருவிரலை வச்சு அந்த ஆளை மறைங்க. இப்ப எடுங்க.”

அன்வர் மறைத்தார். எடுத்தார். மறுபடி மறைத்தார்.

“மூஞ்சியே தெரியலையே. யாரு இவரு?”

“தெரியல. அந்தக் காலத்துக் கேமராவுக்கு ரொம்ப நேரம் அசையாம நிக்கணுமாம். அசைஞ்சிருந்தா புகையாப் போயிருப்பாரு. அம்புட்டு நேரம் நின்னவரை நான் மவுஸை ஒரே தட்டு தட்டித் தூக்கிட்டேன் பாய்.”

அன்வர் சிரித்துவிட்டார். “இதுக்காகவா பஸ் ஏறி வந்தீங்க? வேலையை விட்டுத் தூக்கிருவேன்னாரா உங்க முதலாளி?”

“சொல்லியாச்சு.”

“அப்ப படியில அவரு, வேலையில நீங்க, ரெண்டு பேரும் நில்லுங்க” என்று, ஆள் நின்ற புரூஃபின் மூலையில் அன்வர் சம்மதக் கையெழுத்துப் போட்டார்.