அது மழை இல்லை, சாரல் என்றேன்

போன வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. "உடம்புக்கு என்ன?" என்று கார்டு போட்டு விசாரித்தவர்களுக்கு நன்றி. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பேனாவைத் தொடவே மனசு வரவில்லை, அவ்வளவுதான். இப்போதும் அடித்து அடித்துத்தான் எழுதுகிறேன். அச்சுக்கோப்பவர் மன்னிக்க வேண்டும்.

விஷயம் ஒரு விளையாட்டைப் பற்றியது. லாக்ராஸ் என்று பெயர். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மார்பளவுக் கம்பு, அதன் முனை கொக்கி போல வளைந்திருக்கும். அந்த வளைவில் தோல்வாரால் பின்னிய வலை. வலையில் ரப்பர் பந்தை ஏந்திக்கொண்டு ஓட வேண்டும், கூட்டாளிக்கு வீச வேண்டும், கடைசியில் எதிரியின் கோலுக்குள் போட வேண்டும். பந்து கல் மாதிரி இருக்கும்.

நான் காலேஜில் படித்தபோது கனடாவிலிருந்து ஒரு புரொபசர் வந்தார். பெட்டிகளோடு பன்னிரண்டு கம்புகளையும் கப்பலில் கொண்டுவந்தார். பன்னிரண்டு பேரைப் பிடித்தார். அதில் நானும் ஒருவன். 'யூனிவர்சிட்டி லாக்ராஸ் டீம்' என்று எங்களுக்குப் பெயர் வைத்தார்.

எதிர் டீம்? கிடையாது! இந்த ராஜதானியிலேயே வேறு எவனும் அந்தக் கம்பைத் தொட்டதில்லை. ஆறு ஆறு பேராகப் பிரிந்து எங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டோம். ஒரே ஒரு தடவை பட்டாளத்துத் துரைகள் சிலர் வந்து ஆடினார்கள். பதினொரு கோல் வாங்கினோம். ஒன்றுகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதை விட்டால் எங்கள் டீம் தோற்றதே இல்லை... ஆடினால்தானே தோற்பதற்கு?

புரொபசர் ஊருக்குத் திரும்பிய பிறகும் டீம் நின்றுவிடவில்லை. அதற்குக் காரணம் அவர் ஏற்படுத்திய ஒரு வழக்கம். டீமை விட்டுப் போகிறவன் கம்பின் பிடியில் சூட்டுக்கோலால் தன் முதலெழுத்தைப் பொறிக்க வேண்டும். பிறகு அடுத்தவன் கையில் தானே கொடுக்க வேண்டும். எங்கள் டீமுக்குச் சரித்திரப் புத்தகம் எதுவும் இல்லை. அந்தப் பன்னிரண்டு பிடிகள்தான் சரித்திரம்.

என் கம்பில் என் எழுத்துக்குக் கீழே இன்னும் நான்கு எழுத்துகள். எனக்குப் பின் ஐந்தாவதாக அது யாருக்குப் போனது என்று நினைக்கிறீர்கள்? என் மகன் சிதம்பரத்துக்கு! அதே காலேஜ், அதே டீம், அதே கம்பு. லீவுக்கு அவன் அதைத் தோளில் சாத்திக்கொண்டு எங்கள் ஊர் மேலகரம் தெருவில் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏலே, கொளத்துல தண்ணியே இல்ல. இதெ வச்சிக்கிட்டு எங்கன மீன் பிடிக்கப் போற?"

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் உரக்கச் சிரித்தேன். பெருமை!

இந்த வருஷம் சீசனுக்கு டீமையே குற்றாலத்துக்கு அழைத்துவரச் செய்ததும் நான்தான். பத்து நாள் கேம்ப். அருவியில் குளியல், மேலகரம் மைதானத்தில் ஆட்டம். டீமுக்குப் புதிதாகக் கேப்டன் போட்டிருந்தார்கள். கடையநல்லூர்ப் பையன், பெயர் காதர். தறி நெய்கிற மைதீன் அண்ணாச்சியின் மூத்த மகன். சிதம்பரத்துக்கும் அந்தக் கேப்டன் பதவியில் ஆசை இருந்தது. கிடைக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் இருவரும் ஒரே இலையில் புரோட்டா தின்றார்கள். அந்த வயதில் கோபத்துக்கு ஆயுசு அவ்வளவுதான். ஆனால் பார்த்தவர்கள் முதல் இரண்டு நாளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

கேம்ப் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் சிதம்பரத்தின் கம்பைக் கையில் எடுத்தேன். வலையில் வார் ஒன்று இற்றிருந்தது.

"இருக்கட்டும்ப்பா. காலேஜ்ல போயி மாத்திக்கிடுதேன்" என்றான்.

"நீ சும்மா இருலே. ஒங்கப்பன் இருபது வருசத்துக்கு முன்னாலயே இந்த வலையப் பின்னுனவன்" என்றேன்.

தென்காசியில் வண்டிமாட்டுக்கு வார் தைக்கிற கடையில் புதுத் தோல்வார் வாங்கிவந்து வலை முழுவதையும் பின்னினேன். புதுத் தோலை ஊறவைத்து, முனையில் கல் கட்டி, மூன்று நாள் தொங்கவிட வேண்டும். இழுபடுகிற மட்டும் இழுபட்ட பிறகு விளக்கெண்ணெய் தடவித்தான் பின்ன வேண்டும். புரொபசர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். இல்லாவிட்டால் ஈரம் பட்டதும் வலை தொய்ந்து பையாகிவிடும். பந்து உள்ளே சிக்கிக்கொண்டு, தாமதமாக, தப்பான இடத்துக்குப் போகும்.

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஒரே ஒரு நாள் ஊறவைத்துப் பின்னினேன். மறுநாள் என் மகன் நான் பின்னிய வலையோடு இறங்க வேண்டும். எனக்கு அவசரம்.

நாலாம் நாள் ஆட்டத்தின்போது மேற்கே மலை மூடிக்கொண்டது. பூவாய்த் தூற ஆரம்பித்தது. டீமைக் கூட்டிவந்த லெக்சரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குடையை விரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், மழை பெய்கிறதே. நிறுத்திவிடலாமா?"

நான் சிரித்தேன். "மழையா? இது சாரல் சார். இதுக்கெல்லாம் நிறுத்துனா எங்க ஊர்ல ஒருத்தனும் வீட்ட விட்டு வெளியவே வர முடியாது!"

எங்கள் பக்கத்தில் சாரலை மழை என்று எவன் சொல்லுவான்? சாரலில் சந்தைக்குப் போவோம். சாரலில் கல்யாண ஊர்வலம் போகும். சாரலுக்குக் குடை பிடிப்பவன் வெளியூர்க்காரன். தலை நனையாது என்பது என் கணக்கு. தோல் நனையும் என்பதை மறந்துவிட்டேன்.

லெக்சரர் குடையை மடக்கிவிட்டார். பாவம், அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கால் மணி நேரம் இருக்கும். சிதம்பரம் பந்தை ஏந்தி ஓடிவந்தான். காதர் பத்தடி தள்ளி, "ஏலே இங்கன... இங்கன!" என்று கத்தினான். சிதம்பரம் வீசினான். பந்து வரவில்லை. ஏன் வரவில்லை என்று காதர் முகத்தைத் திருப்பிப் பார்த்தான்.

அப்போது வந்தது.

அதற்கு மேல் எழுத மாட்டேன். தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, "உயிருக்குப் பயமில்லை" என்றார். இடது கண்ணைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மைதீன் அண்ணாச்சி பஸ் பிடித்து வந்தார். சட்டையில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. வராந்தாவில் நின்ற பையன்களைப் பார்த்து, "யாரு எறிஞ்ச பந்துலே?" என்று கேட்டார்.

"நாந்தான் மாமா" என்றான் என் மகன்.

மறுநாளே ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. கேப்டன் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் வேண்டுமென்றே எறிந்தானாம். பேச்சு மேலகரம் தாண்டி, தென்காசி தாண்டி, கடையநல்லூருக்கும் போனது. சிதம்பரம் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "நான் இனிமே காலேஜுக்குப் போகல" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னான். "நான் வேணும்னு எறியல" என்று யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதோ?

ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். 'வலை நான் பின்னியது.' சொன்னேனா? ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள்! மகன் மெலிவதைப் பார்த்துக்கொண்டே ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்காக உயிரையே கொடுப்பேன் என்று இதே பத்தியில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! உயிரை யார் கேட்டார்கள்?

ஏழாம் நாள் கம்பை எடுத்துக்கொண்டு கடையநல்லூருக்குப் போனேன். காதரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மைதீன் அண்ணாச்சி தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். தறி ஓடவில்லை. கம்பை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"இந்த வலையக் கட்டுனது நாந்தான் அண்ணாச்சி" என்றேன்.

"தெரியும்."

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"அண்ணைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல சாத்தி வச்சிருந்தியல்லா... அப்பவே தடவிப் பாத்தேன். சின்னப் பய போட்ட முடிச்சா இது? ஈரம் ஏறித் தொங்கிக் கெடக்கு. நூலோட பொறந்து நூலோட கெடக்கவன் நான். எனக்குத் தெரியாதா? எத்தன நாளு ஊறப் போட்டிய?"

"ஒரு நாள்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல அண்ணாச்சி?"

"ஒங்க வாயால வரட்டும்னு இருந்தேன். ஆறு நாளு ஆயிட்டு."

அவர் திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் அறுந்த நூல் ஒன்றைத் தேடி முடிய ஆரம்பித்தார். உள்ளேயிருந்து காதரின் குரல் கேட்டது.

"மாமாவா வந்திருக்காவ? சிதம்பரத்த வரச் சொல்லுங்க மாமா. கேப்டன் கூப்புடுதான்னு சொல்லுங்க. வரலைன்னா டீம்லருந்து தூக்கிருவேன்."

சிரிக்கத்தான் முயன்றான். பாதியில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து சிதம்பரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மனசில் பாரம் இறங்கும், என்னைக் கட்டிக்கொண்டு அழுவான் என்றெல்லாம் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் என்னையே பார்த்தான்.

"ஆறு நாளாப்பா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு கடையநல்லூருக்குக் கிளம்பினான். "நானும் வாரேன்" என்றேன். "வேண்டாம்" என்றான்.

இப்போது தினமும் போகிறான். காதருக்குப் பாடம் படித்துக் காட்டுகிறானாம். ஊர்ப் பேச்சும் அடங்கிவருகிறது. மைதீன் அண்ணாச்சியே நாலு பேரிடம் சொன்னாராம். என் மகனுக்காக நான் செய்ய வேண்டியதை அவர் செய்திருக்கிறார்.

காலேஜிலிருந்து லெக்சரர் கடிதம் எழுதியிருக்கிறார். டீமைக் கலைத்துவிட்டார்களாம். பதினொரு கம்புகளை அறையில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. பன்னிரண்டாவதையும் அனுப்பிவைக்க வேண்டுமாம். சிதம்பரத்திடம் கேட்டேன், "ஒன் எழுத்தப் பொறிக்கலையா?" என்று. "நீங்களே போட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வலையோடு அவன் எழுத்து இருக்க வேண்டாம் என்று, பிடியின் அடியில் என் முதலெழுத்தையே இன்னொரு முறை சுட்டேன். அந்தக் கம்பின் சரித்திரத்தில் முதல் ஆளும் நான், கடைசி ஆளும் நான்.

நேற்றுச் சாயங்காலம் தெருவில் லேசாகத் தூறியது. "மழை வருது, உள்ள வாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வெளியூரா அண்ணாச்சி?" என்று சிரித்தார்.