இரண்டே தடவை வந்த எம்கே

பேய், முனி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். போடி தந்தி ஆபீசில் வேலை பார்த்தவன். கம்பியில் கரண்டு ஓடினால் சத்தம் வரும், ஓடாவிட்டால் வராது, எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, என் மச்சினனே சிரித்தான், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஆபீசை விட்டபின் ஒரு ஏலக்காட்டு முதலாளியிடம் சேர்ந்தேன். அவர் மகன், எங்கள் சின்ன முதலாளிக்குக் கம்பியில்லாத் தந்தி என்றால் பைத்தியம், மெட்ராசில் படிக்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்டது. சர்க்காரிடம் லைசென்சு வாங்கி, போடி வீட்டு மாடியில் ஒரு செட்டும், குரங்கணிக்கு மேலே அவர்களுடைய ஏலக்காட்டில் ஒரு செட்டும் வைத்தார். போடி செட்டுக்கு என் ஆபீஸ் கூட்டாளி சுந்தரம், மலைச் செட்டுக்கு நான். முதலில் இருந்தது பொறி பறக்கிற பழைய செட், தந்தி அடிக்கிற சாவியை அழுத்தினால் சடசடவென்று காடே அதிரும், ஆனால் பாதி எழுத்துதான் போடிக்குப் போய்ச் சேரும். அதைக் கழற்றிவிட்டு வால்வு செட் மாட்டு என்று ஒரு மழைக்காலத்தில், அதுவும் நல்ல அடைமழையில், உத்தரவு வந்தது. கூடவே ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்ட ஒரு டியூனர் பெட்டி. உள்ளே செம்புக் கம்பிச் சுருள், வெளியே ஒரு திருகு. திருகைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டுச் சாவியை அழுத்தினால் ஏரியல் கம்பியில் கோத்திருக்கும் சின்ன பல்பு பளிச்சென்று எரிய வேண்டும்.

எங்கே எரிந்தது? கோவேறு கழுதையில் வந்த பாட்டரியில் பாதி ஆசிட் வழியிலேயே கொட்டிவிட்டது, வால்வு மாட்டுகிற குழியெல்லாம் ஈரத்தில் பச்சை பூத்திருந்தது, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. அந்தப் பெட்டியைச் செய்த சீமைக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன்.

வெறும் விளையாட்டுச் சாமான் என்றால் தூக்கி ஓடையில் போட்டிருப்பேன். ஆனால் அந்த வாரம் பார்த்து, கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் காய்ச்சல் புகுந்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை தீர்ந்துவிட்டது. மழைக்குப் பயந்து கீழேயிருந்து ஒருவரும் ஏறவில்லை. எனக்கு ஏரியல் கட்டித் தந்த வீரணன் சிலமலைக்காரன், அவன் பெண்சாதி செல்லத்தாயி இரண்டு நாளாகப் பினாத்திக்கொண்டு கிடந்தாள். போடிக்குச் சேதி போனால் மருந்து வரும், போகாவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள். நான் திருகைத் திருகுவதையே வீரணன் வாசலில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏலக்காட்டில் மூட்டம் இறங்கினால் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது, கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் பதில் கொடுப்பார்கள். கூப்பிடுவது மனிதனில்லை என்றால் சேர்ந்தாற்போல் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதாம். எங்கள் செட்டிலும், அது வேறு காரணத்துக்காக, ஆளின் பெயர்க்குறியை மூன்று தடவை அடித்துவிட்டுத்தான் சேதி அடிப்போம். என் பெயர் மாயகிருஷ்ணன், அதனால் குறி எம்கே. சேதி முடிந்தால் சுந்தரமும் நானும் இங்கிலீஷ் எழுத்தில் 'வர்றேன்' என்று அடித்து முடிப்போம். புறப்படும்போது நம் ஊரில் போறேன் என்றா சொல்கிறோம்? அப்படியே கை பழகிவிட்டது.

எல்லாவற்றையும் ஒருவழியாகச் சரிசெய்து முடித்த அன்றைக்குக் காலையில் இடி இடித்ததால் செட்டை நிறுத்தி வைத்திருந்தேன். இடி ஓய்ந்ததும் மறுபடி உட்கார்ந்தேன். எப்படித் திருகினாலும் பல்பு அழுதுவடிந்தது. சரி, வருவது வரட்டும் என்று சுந்தரத்தைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், மத்தியானம் வரைக்கும் கூப்பிட்டேன். மருந்து வேண்டும், காய்ச்சல், மருந்து வேண்டும். கை ஓய்ந்துபோயிற்று. அழுகைகூட வந்தது, எதற்கு மறைக்க வேண்டும்.

அப்போது காதுக்குழாயில் வந்தது. எம்கே எம்கே. அதோடு நின்றது. போடியிலிருந்து வருகிற மாதிரியே இல்லை, அடுத்த அறையில் உட்கார்ந்து அடிப்பதுபோல் அத்தனை துலக்கம். கொஞ்சம் பொறுத்து மறுபடி எம்கே எம்கே, அதோடு நின்றது. இந்தச் சுந்தரத்துக்கு மூன்று வரை எண்ணத் தெரியாதா என்று கோபம் பொத்துக்கொண்டு வர, நான் பதில் அடித்துவிட்டேன். உடனே சேதி வந்தது: மருந்து ஆத்துக்கிட்ட இருக்கு, எறங்கி வா.

சரி என்று அடித்தேன், பழக்கதோஷத்தில் வர்றேன் என்றும் அடித்து முடித்தேன்.

வீரணனைக் கூப்பிட்டு வெரசா ஆற்றுக்கு இறங்கச் சொன்னேன். அவன் எழுந்தான், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டான். பிறகு என்ன தோன்றியதோ நின்றான்.

"எத்தன தடவண்ணே கூப்பிட்டுச்சு?"

"ரெண்டு. அதுக்கு என்னப்பா இப்ப?"

சாக்கை எடுத்துக் கீழே போட்டுவிட்டான். "அது சுந்தரண்ணே இல்லண்ணே. நான் எறங்க மாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். ஒம் பொண்டாட்டி அங்க சாகக் கெடக்கா, நீ இங்க எண்ணிக்கிட்டு இருக்கியா என்றுகூடக் கேட்டேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் நகரவில்லை. சரி, நானே போய்த் தொலைகிறேன் என்று அவன் போட்ட சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, செட்டை நிறுத்தப் போனேன். அப்போதுதான் சுவரில் அந்தப் பிடியைப் பார்த்தேன்.

இடி நேரத்தில் செட்டுக்கு ஆபத்து வராமல் இருக்க ஏரியலை மண்ணோடு சேர்த்துவிடுகிற பிடி அது. கீழே தள்ளினால் எல்லாம் மண்ணில் புதைத்த செம்புத் தகட்டுக்குப் போய்விடும், வானத்துக்கு ஒன்றும் போகாது, வானத்திலிருந்து ஒன்றும் வராது. காலையில் தள்ளினேன். மறுபடி தூக்க மறந்துவிட்டேன். மத்தியானம் வரைக்கும் நான் கூப்பிட்டதெல்லாம் மண்ணுக்குள்தான் போயிருக்கிறது.

பிடியைத் தூக்கிவிட்டுத் திருகைத் திருகி, சாவியை அழுத்தினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. காதில் கொசு ரீங்காரம் மாதிரி, மெல்லிசாக, எம்கே எம்கே எம்கே. சுந்தரம். காலையிலிருந்து கூப்பிடுகிறேன், எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டான். மருந்தைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் சொன்னபிறகுதான் தேவாரம் ஊர் வழியாகச் சுற்றி ஆள் அனுப்பினான். குரங்கணிப் பக்கம் யாரையும் இறக்காதே, ஆற்றங்கரை பாதையோடு பெயர்ந்து போய்விட்டது என்றான்.

மறுநாள் மருந்து வந்தது. செல்லத்தாயி பிழைத்தாள். மதுரையில் ஒரு இஞ்சினியரிடம் இதைச் சொன்னேன், களைப்பில் காது ஏதோ கேட்டிருக்கும் என்றார். களைப்பு வந்து மருந்து ஆத்துக்கிட்ட இருக்கு என்று சேதி அடிக்குமா?

வீரணன் ஒரு நாளும் நான் சொன்னேனே என்று குத்திக்காட்டியதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"நீங்க பதிலுக்கு என்னண்ணே அடிச்சீக?"

சொன்னேன். அதிலிருந்து நான் ஆற்றுப் பக்கம் இறங்கினால் மட்டும், இருக்கிற சோலியைப் போட்டுவிட்டு என் கூடவே வந்துவிடுவான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் புறப்படும்போது நான் பேசாமல் எழுந்து போய்விடுகிறேன். மரியாதை தெரியாத மனுசன் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், சொல்லட்டும். வர்றேன் என்று இன்னொரு தடவை என் வாயால் சொல்ல முடியவில்லை. ஏற்கெனவே ஒரு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், அங்கே இன்னும் போகவில்லை.