பாடு இல்லாத மைதானம்

கோடையில் கடலையொட்டிய எங்கள் ஏரி பின்வாங்கும்போது, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு நிலம் மெல்ல எழுந்து வரும். அதை மண் என்றும் சொல்ல முடியாது, சேறு என்றும் சொல்ல முடியாது. கால் வைத்தால் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டு, யோசித்துவிட்டு, பிறகு விடும். சிறு வயதில் நாங்கள் அதில்தான் பந்து ஆடினோம். அங்கே பந்து உருளாது, நடந்து வரும். கோலில் நிற்கும் நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அது வந்து சேரக் காத்திருப்பேன். சில நாள் எனக்கும் பந்துக்கும் நடுவில் கானல் ஓடும். பந்து அதில் இறங்கி மறைந்து, வேறெங்கோ ஏறி வரும்.

என் சித்தி மகன், என் தம்பி, அந்த நிலத்தில் ஓடினால் அவன் கால் மட்டும் பதியாது. எங்கள் தடங்கள் குழி குழியாகக் கிடக்க, அவன் போன வழி துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருக்கும் எங்கள் அத்தை தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பாள். "இவனுக்கு ஒடம்புல எலும்பே வெக்கல, சாமி காத்து அடிச்சு உட்டுக்குது" என்பாள். அத்தை வாயைத் திறந்தால் இப்படி ஏதாவது விழும். பொறுக்கிவைத்துக்கொள்வது என் பழக்கம்.

காற்றடித்த அந்த உடம்பு சென்னைக்குப் போனது. சின்னச் சின்ன கிளப்புகளில் ஆடியது. பிறகு வடக்கே ஒரு பெரிய கிளப் அவனைச் சம்பளம் பேசி எடுத்துக்கொண்டது. முன்னால் நின்று கோல் அடிக்கிற வேலை. அவனோடு இன்னும் இரண்டு பேரைப் புதிதாக எடுத்திருந்தார்கள்: ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர் ஒருவர், வடகிழக்கு மலையிலிருந்து வந்த பையன் ஒருவன். இந்த சீசனைத் தூக்கி நிறுத்தப்போவது இந்த மூவர்தான் என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் குப்பத்துக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பஸ் நிற்கும் இடத்தில் அவன் படத்தை ஆளுயரத்துக்குக் கட்டினோம். கடல்காற்று புகுந்து படம் உப்பி, தம்பி எந்நேரமும் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் நின்றான்.

வலை கட்டும் கொட்டகையில் டிவி இருந்தது. மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ஆட்டம் இருக்கிற நாளில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். வெளியே ஏரி இருட்டிக்கொண்டிருக்கும். உள்ளே அந்தப் பச்சை மைதானம் ஒரு தொட்டித் தண்ணீர்போல் மினுங்கும். பேசுகிற மொழி யாருக்கும் சரியாகப் புரியாது. அது காற்று அடிக்கிற சத்தம்போல் ஏறும், இறங்கும். நாங்கள் அதற்குத் தக்கபடி எழுந்து எழுந்து உட்காருவோம்.

முதல் சில ஆட்டங்களில் அவனை முழுக்க ஆடவிட்டார்கள். பந்து கம்பத்தில் பட்டது. கம்பத்துக்கு மேலே போனது. ஒருமுறை கோல்கீப்பர் கீழே விழுந்து கிடக்க, ஆளே இல்லாத கோலுக்குப் பக்கத்தில் போனது. அதை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் இந்த முறை உள்ளே போய்விடும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பிறகு அவனை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். சட்டைக்கு மேலே ஒரு பச்சை பனியன் மாட்டிக்கொண்டு, பெஞ்சில் கையைக் கோத்தபடி இருந்தான். கேமரா அவன் முகத்தில் கொஞ்சம் நின்று நகர்ந்தது. கொட்டகையில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவனுடைய அப்பா, என் சித்தப்பா, மடியில் வலையோடு இருந்தவர், ஊசியை நிறுத்தாமலேயே சொன்னார்:

"இன்னிக்கு அவன் பாடு இல்ல. அடுத்தவன் பாடு. ஒக்காந்துக்கினுதான் இருக்கணும்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அதுதானே, வேறென்ன.

எங்கள் ஏரியில் இறால் நிறைய விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அவை யாருக்கும் சொந்தம் இல்லை. ஊர் கூடி முறை போட்டுப் பிரித்துக்கொள்வோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். இன்று உன் பாடு என்றால் அந்த இடத்தில் நீ வலை வைப்பாய். நாளைக்கு இன்னொருவன். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனாக இருந்தாலும் தன் பாடு வரும்வரை கரையில் இருக்க வேண்டியதுதான். அப்படி இருப்பதில் அவமானமும் இல்லை. தன் பாட்டில் போய் வெறும் கூடையோடு வந்தாலும் யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். ஏரி கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சித்தப்பா மைதானத்தையும் அப்படித்தான் பார்த்தார். கடைசிக் கொஞ்ச நேரம் தம்பியை உள்ளே விட்டு அவன் ஒன்றும் அடிக்காமல் வந்தால், "பாடு கெடச்சுது, மீன் உழல. அதுக்கு அவன் இன்னா பண்ணுவான்?" என்பார். எங்களில் டிவியில் ஆட்டம் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு உண்மை தெரியாமல் இல்லை. ஆனால் அவர் சொன்ன விதத்தில் அது அழகாக இருந்தது. திருத்த மனசு வரவில்லை. கொஞ்ச நாளில் நானே பாதி நம்பிவிட்டேன். கம்பெனி கேன்டீனில் ஒருவர், "இன்னாபா, உன் தம்பி இந்த வருசம் சுத்தமா ஊத்திக்கினானே" என்றபோது, "அவன் பாடு இன்னும் சரியா வரல சார்" என்று என் வாய் சொன்னது. அவர் சாம்பார் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

அந்த சீசன் ஒரு தூக்கம்போலக் கழிந்தது. மழை வந்து ஏரி நிறைந்தது. தண்ணீர் இனித்து, மறுபடி உப்பேறியது. பூநாரைகள் வந்து தூரத்தில் ரோஜா நிறக் கோடாக நின்றன. தம்பி பெஞ்சில் இருந்தான். நாரைகள் கலையத் தொடங்கின. தம்பி பெஞ்சில் இருந்தான். ஏரி பின்வாங்கியபோது சீசன் முடிந்தது. இந்த வருஷம் ஏமாற்றியவர்கள் என்று டிவியில் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு முகங்களைக் காட்டினார். தூக்கி நிறுத்தப்போவதாகச் சொன்ன அதே மூவரும் அதில் இருந்தார்கள். மொழி புரியாத சித்தப்பா, "மூணு பேரையும் எவ்ளோ சோக்கா போட்டுக்கிறான் பாரு" என்றார்.

தம்பி வந்தது சித்திரை வெயிலில். திருப்பாலைவனம் வழியாக வரும் பஸ்ஸிலிருந்து, தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு இறங்கினான். அங்கே அவன் படம் இன்னும் உப்பிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்காமல் நடந்தான். கூடையோடு எதிரே வந்த அத்தை அவனைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா ராசா! ஒக்காந்து ஒக்காந்து பேன்டு தேஞ்சுடுச்சா? மறுக்கா உன் பாடு எப்போ வருதாம்?"

அவன் முகம் செத்துப்போயிற்று. அன்று பார்த்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள். மறுநாள் அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சாயங்காலம் நான்தான் முகத்துவாரம் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஊரே கூடிக் கிண்டல் பண்ணுதுண்ணா" என்றான். "பெரிய கிளப்புல கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. நைனாக்குத் தெரியாது. தெக்கே ஒரு சின்ன கிளப்புல இருந்து கூப்புட்டாங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"இன்னா சொல்லப் போற?"

"வேணாம்னுதான். என்னால மறுபடி முடியாதுண்ணா. உன் கம்பெனில ஆள் எடுக்கறாங்களா?"

கடல் உள்ளே வரும் வாயில் தண்ணீர் இரண்டு நிறமாகக் கலந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தபடி அங்கே நடந்ததைச் சொன்னான். சாப்பாட்டுக் கூடத்தில் புதிதாக வந்த மூவருக்கும் ஒரே மேசை. சீசன் போகப் போக அந்த மேசைக்கு யாரும் உப்பு கேட்டுக்கூட வரவில்லையாம். மலைப் பையன் சாப்பிடும்போதே அழுவானாம். ஆப்பிரிக்க அண்ணன் தன் தட்டிலிருந்து ஒரு கோழித்துண்டை எடுத்து அவன் தட்டில் வைப்பாராம். "ஒருத்தருக்கொருத்தர் பேச பாஷைகூடக் கெடையாதுண்ணா. கோழிதான்" என்றான்.

அது கிண்டல் இல்லையடா என்று நான் சித்தப்பாவின் பாடு கதையை எடுத்துச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"நைனா அப்டியா நெனச்சுக்கினு இருந்தாரு? சீசன் பூரா?"

"ஊருக்கே சொல்லிவெச்சிருக்காரு."

"நான் சொல்லியாவணும்ணா. இல்லன்னா தாங்காது."

வெள்ளிக்கிழமை சித்தப்பாவின் பாடு. விடியலில் மூன்று பேரும் படகில் போனோம். காற்று எழுந்திருக்கவில்லை. வானம் எது, ஏரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை. படகு தள்ளும் கோலை ஊன்றும்போது மட்டும் கீழே தரை இருப்பது தெரிந்தது. எங்கள் இடத்தில் கழிகளை நட்டு வலையைச் சுற்றி விட்டோம். பிறகு நீர் வடிய வேண்டும். அதுவரை வேலை இல்லை. சித்தப்பா பீடியைப் பற்றவைத்தார். தம்பி என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"நைனா."

"ம்."

"அங்க பாடுலாம் கெடையாது நைனா."

"கெடையாதுன்னா?"

"நல்லா ஆடறவன் தெனமும் உள்ள. ஆடாதவன் வெளிய. நான் சரியா ஆடல, அதான் ஒக்கார வெச்சாங்க. இப்ப போன்னு அனுப்பிட்டாங்க."

சித்தப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீடி அதன் பாட்டுக்குப் புகைந்தது.

"தெனமும் ஒருத்தனேவா?"

"ஆமா."

"அதே நல்ல எடத்துலயா?"

"ஆமா நைனா."

"அப்ப மத்தவன்?"

"பாத்துக்கினு ஒக்காந்துக்கினு இருப்பான்."

"ஊரு ஒண்ணும் கேக்காதா?"

"ஊரு கைதட்டும்."

"சீ!" சித்தப்பா பீடியைத் தண்ணீரில் வீசினார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "முறை கெட்ட ஆட்டம்டா அது. தெரியாத போயி நானும் ஊரெல்லாம் பேசிக்கினு இருந்தேன். வேணாம், உட்டுடு. அந்தப் பக்கமே போவாத. இதோ இவனாண்ட சொல்லி கம்பெனில சேந்துக்கோ."

தம்பி கேட்க விரும்பியது இதைத்தான். தகப்பன் வாயாலேயே வந்துவிட்டது. தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. அவன் புருவத்தைச் சுருக்கினான்.

"முறை கெட்டதுலாம் இல்ல நைனா."

"இன்னா இல்ல? ஒருத்தனே அள்ளுவானாம், இன்னொருத்தன்..."

"அள்றது இல்ல நைனா. என் எடத்துல ஆடற பையன் என்னைவிட சூப்பரா ஆடறான். நான் காலத் தூக்கறதுக்குள்ள அவன் அடுத்த தெருவுக்குப் பூடறான். அவனை ஒக்கார வெச்சுட்டு என்னை உட்டாதான் முறைகேடு."

"அப்ப அந்த ஆளில்லாத கோலு? எனக்கே அடிக்கத் தெரியுமேடா அத்த!"

"அதுவா?" என்று தம்பி படகிலிருந்து குதித்தான். முழங்கால் தண்ணீர். நட்டுவைத்த கழிகளில் இரண்டைக் காட்டி, "இது கோலுன்னு வெச்சுக்கோ. கோல்கீப்பர் இங்க உழுந்து கெடக்கான். பந்து இந்தாண்ட இருந்து வருது. நான் அடிக்கறதுக்கு முன்னாலயே கூட்டம் கோலுன்னு கத்திடுச்சு நைனா. அவ்ளோ பெரிய சத்தம். அதக் கேட்டு எனக்கும் உழுந்துடுச்சுன்னே தோணிடுச்சு. கால் அதுபாட்டுக்கு லேசாயிடுச்சு. இப்டி." காலை வீசிக் காட்டினான். தண்ணீர் ஒரு விசிறிபோல் எழுந்து அந்த வெள்ளையில் நின்று விழுந்தது. "இப்டி இல்ல, இப்டி அடிச்சிருக்கணும். இடுப்பத் திருப்பி. காது கேக்காதவன் மாதிரி." மறுபடி வீசினான். மறுபடி. ஒவ்வொரு வீச்சுக்கும் சூரியனில் ஒரு துண்டு தெறித்தது. கம்பத்தில் பட்டதை ஆடிக் காட்டினான். மேலே போனதை ஆடிக் காட்டினான். சீசன் முழுக்க அவன் தப்பவிட்ட பந்தெல்லாம் அந்தத் தண்ணீரில் ஒவ்வொன்றாக வந்தன.

"கால அடக்குடா, எறா ஓடிடும்!" என்று சித்தப்பா கத்தினார். அவன் காதில் விழவில்லை.

"இன்னொரு தபா அந்தப் பந்து வரட்டும் நைனா, நான்..." என்று சொன்னவன் நின்றான். வாய் திறந்தபடியே இருந்தது. தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டான்போல.

அவன் படகருகே வந்து, கையைச் சட்டையில் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த போனை எடுத்தான். கொஞ்ச தூரம் நடந்து போனான். தண்ணீரில் அவன் பேச்சு பக்கத்திலேயே பேசுவதுபோல் வந்தது.

"சார், நான்தான் சார்... வரேன் சார். ஆமா, கண்டிப்பா... இல்ல சார், மொதல்ல ஒக்கார வெச்சாலும் பரவால்ல."

சித்தப்பாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. படகில் எழுந்து நின்று, கையைக் குவித்து, ஏரி முழுக்கக் கேட்கும்படி கூவினார்:

"அந்தாளாண்ட முறை போடச் சொல்லுடா! மொதல்லயே பேசிக்கோ!"

தம்பி போனைக் கையால் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்பது அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.