எங்கள் ஒழுங்கைக்கு வந்த வெள்ளைக் கோட்டுகள்

என் கையெழுத்து கோட்டுக்கு மேலும் கீழுமாக ஓடும். எங்கே ர போடுவது, எங்கே ற போடுவது என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவது நின்றுவிட்டது. படிப்பவர்கள் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் நிந்தவூரில் ஒரு நெல் மில்லில் வேலை செய்கிறேன். வீடு கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகும் ஓர் ஒடுக்கமான ஒழுங்கையில் இருக்கிறது. எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு நிந்தவூரிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. பையன் போன் கடையில் வேலை செய்கிறான். அவனுக்கு உம்மா இல்லை. வளர்த்தது மாமி. அந்த மாமி சொல்வதுதான் முடிவு என்று சொன்னார்கள். அவர் பெண்ணையும் வீட்டையும் பார்க்க வருவதாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மாணவர்கள் வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் டொக்டருக்குப் படிக்கிறவர்கள், அதில் பொதுச் சுகாதாரம் ஒரு பாடமாம். ஊர் மக்களோடு பழகித்தான் இதைப் படிக்க வேண்டுமாம். இரண்டிரண்டு பேருக்கு ஒரு வீடு என்று கிளினிக்கில் சீட்டுப் போட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் எங்கள் வீட்டுக்குச் சீட்டு விழுந்தது. சனிக்கிழமைகளில் வருவார்கள் என்று மிட்வைஃப் மிஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வந்தவர்கள் ஒரு யாழ்ப்பாணத்துப் பையனும் தெற்கே காலிப் பக்கத்துச் சிங்களப் பெண்பிள்ளையும். இரண்டு பேரும் வெள்ளைக் கோட் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்து தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், குப்பையை எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். வீட்டில் யார் சமைப்பது என்று அந்தப் பையன் கேட்டபோது என் மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள்.

"இவர் சமைச்சா நாங்க உசிரோட இரிப்பமா மகன்?"

பிறகு எல்லோருக்கும் விரலில் குத்திச் சீனியும், கையில் பட்டி கட்டிப் பிரஷரும் பார்த்தார்கள். எனக்குப் பிரஷர் கூடுதலாக இருந்தது, கிளினிக்கில் குளிசை எடுக்கச் சொன்னார்கள். மில்லின் உமித்தூசியால் எனக்கு எப்போதும் ஒரு இருமல் உண்டு. அதைக் கேட்டதும் அந்தப் பிள்ளை என்னை வெளிச்சமாக இருந்த ஜன்னலோரம் உட்காரவைத்து, முதுகில் குழாயை வைத்து, "அங்கிள், பெரிய மூச்சு எடுங்க" என்றது. நான் எடுத்தேன். நெஞ்சில் ஒன்றும் இல்லை, தூசிக்கு வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று சொன்னார்கள். ஆனால் எங்கள் ஜன்னல் ஒழுங்கையைப் பார்த்தபடி இருக்கிறது. போகிற வருகிற எல்லோரும் என் முதுகையும் குழாயையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் என் மனைவியிடம் கேட்டாள். அவள் என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் சொல்வாள்.

"என்ன மச்சி, காக்காக்கு நெஞ்சில என்னவாம்?"

"ஒண்டும் இல்ல. சீட்டு விழுந்து வந்த புள்ளையள்."

"வருத்தம் இல்லாத ஊட்டுக்கு ஆரு மச்சி கோட்டுப் போட்டு வாற? சும்மா சொல்லு, நான் ஆருட்டச் சொல்லப் போறன்?"

அவள் யாரிடம் சொன்னாள் என்று தெரியாது. கொஞ்ச நாளில் நிந்தவூரிலிருந்து போன் வந்தது. மாமிக்கு இப்போது வரக் கிடைக்காதாம், பிறகு பார்க்கலாமாம். காரணம் சொல்லவில்லை. மில்லில் என்னோடு மூட்டை தூக்குபவர்தான் இந்தப் பேச்சைக் கொண்டுவந்தவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்குக் கசம் எண்டு ஒரு கதை போகுது, மெய்யா?" என்று கேட்டார். கசம், அதாவது காசநோய், இருக்கும் வீட்டில் பெண் எடுக்க எல்லோரும் தயங்குவார்கள். இல்லை என்றேன். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மூட்டையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மாணவர்கள் வந்தபோது என் மனைவி முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன்னால் கசப்பான விஷயம் எதையும் எடுக்க மாட்டார்கள். அந்தப் பையன் ஊதி ஊதிக் குடித்தான். அவன் கோப்பையைக் கீழே வைக்கும்வரை பொறுத்திருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

பையனின் முகம் சிவந்துவிட்டது. "அன்ரி, நாங்கள் நிந்தவூருக்குப் போய் அவையளுக்கு விளங்கப்படுத்தட்டோ?"

"வேணா மகன். வருத்தம் இல்லண்டு சொல்ல ரெண்டு டொக்டர்மார் போனா, எவ்வளவு பெரிய வருத்தமோண்டுதான் நினைப்பாங்க."

"கோட்டைக் கழட்டிப்போட்டுப் போறம்."

"அப்ப மறைக்கிறாங்க எண்டுவாங்க."

"சரி, அப்ப இனி இங்க வராம விடுறம்."

அதுவரை அறை வாசலில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற மகள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"வராட்டி, வாப்பாவ ஆசுபத்திரியில வெச்சிட்டாங்க எண்டு கதை வரும்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் இருந்தோம். அந்தச் சிங்களப் பிள்ளை மெதுவாகச் சொல் தேடிக் கேட்டது.

"எல்லா வீட்டுக்கும் போனா?"

பையன் அதற்கு உடனே சம்மதிக்கவில்லை. ஒரு வீட்டுக்குத்தான் தங்களுக்கு மார்க்ஸ், மற்ற வீடுகளுக்குப் போனால் எதுவும் கிடைக்காது, சனிக்கிழமை முழுக்கப் போய்விடும் என்று சொன்னான். அந்தப் பிள்ளை சிங்களத்தில் ஏதோ சொன்னது. பிறகு அவன் எழுந்து கோட்டின் பொத்தானைப் போட்டான்.

அன்றைக்கே பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் செய்த எல்லாவற்றையும் அங்கேயும் செய்தார்கள். என் மனைவி ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆளை ஜன்னலோரம் உட்காரவைத்து முதுகில் குழாய் வைக்க வேண்டும், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு வீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அன்ரி, தேத்தண்ணி எண்ட சொல்லை மட்டும் எடுக்காதேங்கோ."

இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் கதை மாறிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் சண்டையே வந்தது. "உங்கட ஊட்டுல ஒரு மணித்தியாலம் இருந்தவங்க, எங்கட ஊட்டுல வந்தும் வராததுமா எழும்பிட்டாங்க" என்று ஒருத்தி கோபித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சீனி கூடியிருந்தது. அதை அவள் மதிலடியில் நின்று எல்லோருக்கும் சொன்னாள்.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் நிந்தவூர் மாமி சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பெண்களோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். திடீரென்று வந்து பார்த்தால் உள்ளது தெரியும் என்று நினைத்திருப்பார். பக்கத்து வீட்டு வாசலில் பெண்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று மாமி எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண் அவர் யார் என்று கூடக் கேட்கவில்லை.

"வாங்க, வந்து இரிங்க. கைய நீட்டுங்க, காசு இல்ல."

மாமி கையை நீட்டினார். பிரஷர் என்னுடையதைவிடக் கூட இருந்தது. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்க வேண்டும், பிரஷருக்குப் போடும் குளிசையை விடக் கூடாது என்று அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் அவரைக் கண்டித்தது. மாமி பள்ளிக்கூடப் பிள்ளை போல ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். என் மனைவி மதிலடியில் நின்று பார்த்திருக்கிறாள்.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இப்படியான நேரத்தில் நான் வெளியே போய்விடுவேன். அன்றைக்குப் போக வழி இல்லாமல் போயிற்று. மாமி நேராக என்னைக் கேட்டார்.

"உங்களுக்கும் பிரஷராமே?"

"ஓம்."

"குளிசை குடிக்கிறயளா?"

"ஓம்."

"நானும் குடிக்கத்தான் வேணும். அந்தச் சிங்களப் புள்ள விடுறா இல்ல." பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார். "மகளக் கூப்பிடுங்க."

அந்தக் கலியாணப் பேச்சில் நான் பேசியது அவ்வளவுதான். மாமி போகும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடையில் கலியாணத்துக்கு ஒரு நாள் பார்க்கச் சொன்னார்.

மாணவர்கள் படிப்பு முடித்துப் போகும் முன்னால் மதரஸா மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒரு வீட்டுக்குப் பதில் ஏன் ஒழுங்கை முழுக்கப் போனீர்கள் என்று அவர்களைப் படிப்பிக்கிற சேர் கேட்டார்.

"ஒரு கலியாணத்துக்காக, சேர்" என்றான் பையன். மண்டபம் சிரித்தது. நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று மைக்கைக் கொண்டுவந்து தந்தார்கள். நான் அதைப் பையனிடமே திருப்பிக் கொடுத்தேன். எழுதித் தருகிறேன் என்று அவன் காதில் மட்டும் சொன்னேன்.

மகளின் நிக்காஹ்வுக்கு மாணவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அந்தப் பிள்ளை பெண்களோடு உள்ளே இருந்தது. எங்கள் விருந்தில் நாலைந்து பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அதைச் சஹன் என்போம். யாழ்ப்பாணத்துப் பையன் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டான் என்று என் மனைவி கோழி வைத்து ஒரு சஹன் தனியாக எடுத்திருந்தாள். நானும் மாப்பிள்ளையும் அவனோடு அதில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை கோழிக் காலைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளினார்.

"அங்கிள், எழுதிட்டியளோ?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல. நீங்க சாப்பிடுங்க மகன்" என்றேன்.

2024 ஒக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு எழுதியது.