இறந்தோர் பட்டியலில் ஒரு பெயர்

என் பேராசிரியர் இறந்ததும், அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி துறையிலிருந்து கேட்டார்கள். ஒரு பக்கம் போதுமாம். வேல்ஸ் நாட்டில் நிலக்கரி தோண்டும் ஊரொன்றில் பிறந்தார், தகப்பன் சுரங்கத் தொழிலாளி, இளவயதில் ஊர்ச் சிற்றாலயத்தில் பிரசங்கம் செய்தார், பிறகு ரொறன்ரோவுக்கு வந்து ஓய்வுபெறும்வரை சமய மெய்யியல் கற்பித்தார், ஐந்து நூல்கள் எழுதினார். பணிவாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன், எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவர் வாழ்நாள் முழுவதும் துருவிய கேள்வி ஒன்றுதான்: செபிக்கிறவர் என்ன செய்கிறார்? கடவுளிடம் கேட்டு வாங்கப் பார்ப்பது மூடநம்பிக்கை, நடந்ததை ஏற்றுக்கொள்ளப் பழகுவதே செபம் என்பார். அவர் சிறுவனாக இருந்தபோது சுரங்கம் இடிந்திருக்கிறது. வாயிலில் நின்று செபித்த பெண்கள் கணவன்மாரைத் திருப்பிக் கேட்கவில்லை, இழப்பைத் தாங்கத்தான் பழகினார்கள் என்று விளக்குவார். அந்தப் பெண்களிடம் அதை யாராவது கேட்டார்களா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டது. எங்கள் நாட்டில் நடந்த போரின் கடைசி நாட்களில் என் தம்பி இராணுவத்திடம் சரணடைந்தான். பிறகு ஒரு தகவலும் இல்லை. ரொறன்ரோப் பக்கம் ரெக்ஸ்டேலில் என்னோடு இருக்கும் அம்மா செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவார். காணாமல் போனதைத் தேடித் தருகிற புனிதர் அவர். அம்மாவின் செபத்தில் மெய்யியல் எதுவும் கிடையாது. "என்ர பிள்ளையைக் கொண்டந்து தா. எப்ப தருவாய் எண்டு சொல்லு" என்று கடைக்காரரிடம் கேட்பது போலக் கேட்பார்.

பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது வேறு மாதிரி மொழிபெயர்த்தேன். அம்மா தன் மகனை இறைவனிடம் ஒப்படைக்கிறார் என்றேன். என் ஆய்வேட்டுக்கு அவர் கையெழுத்து வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. அவருக்கு அது பிடித்துப்போய், தன் கடைசி நூலில் 'ஓர் ஆசியத் தாய்' என்று மூன்று பக்கம் எழுதினார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, முதலில் கெடுத்தவள் நான்.

சொன்ன பொய்யை நானே நம்பவும் தொடங்கினேன். நவம்பர் மாதம் எங்கள் கோவிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வெள்ளை உறை தருவார்கள். மரித்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி அதற்குள் வைத்துக் கொடுத்தால் பீடத்தடியில் மாதம் முழுவதும் இருக்கும், தமிழ்ப் பூசையில் சுவாமியார் வாசிப்பார். அம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால் நான்தான் எழுதுவேன். அந்த வருடம் அப்பா, பெரியப்பா, மாமி என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் தம்பியின் பெயரையும் எழுதினேன். அம்மா எத்தனை காலம்தான் இப்படிக் காத்திருப்பது, இனியாவது ஏற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் அந்தப் பெயரை வாசித்ததும் அம்மா எழுந்து நின்றார்.

"சுவாமி, பொறுங்கோ. உது பிழை. என்ர மகன் சாகேல்ல. அந்தப் பேரை வெட்டுங்கோ."

கோவிலே திரும்பிப் பார்த்தது. சுவாமியார் பேனா தேடி, பீடத்தில் வைத்தே வெட்டினார். அம்மா யார் எழுதியது என்று கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது? மூன்று மாதம் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. பேராசிரியரிடம் போய் அழுதேன். "எல்லோருக்கும் அந்த ஆழம் வாய்ப்பதில்லை" என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த கோடையில் அவருக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் அம்மாவை எனக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்" என்றார்.

"ஏற்றுக்கொள்வதற்கா?" என்றேன். கொடுமையான கேள்விதான். வேண்டுமென்றே கேட்டேன்.

"இல்லை. நான் பிழைக்க வேண்டும். அவரைக் கேட்கச் சொல்."

ஊருக்குத்தான் உபதேசம்! ஐந்து நூல்களையும் அவர் கட்டிலில் கொட்ட வேண்டும் போல இருந்தது. கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "என்ன வருத்தமாம் அந்தாளுக்கு? வலது பக்கமோ, இடது பக்கமோ?" என்று மட்டும் கேட்டார். அந்தோனியாருக்கு விவரம் சரியாகச் சொல்ல வேண்டுமாம். அதன் பிறகு செவ்வாய்தோறும் இரண்டு திரி எரிந்தது. செப்டம்பரில் பேராசிரியர் இறந்தார். அம்மா செத்தவீட்டுக்கு என்னோடு வந்து, திறந்திருந்த பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

போன ஞாயிறு மறுபடியும் வெள்ளை உறை வந்தது.

"உன்ர புரொபசரின்ர பேரையும் எழுது பிள்ளை" என்றார் அம்மா. எழுதினேன். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அவருக்காகவும் எவ்வளவு கேட்டனீங்கள். கிடைக்கேல்லைத்தானே அம்மா?"

"ஓம், கிடைக்கேல்ல. அவரைப் பெட்டிக்குள்ள நான் என்ர கண்ணால கண்டனான்." தாளை என் கையிலிருந்து வாங்கி, கண்ணருகே பிடித்து, ஒவ்வொரு பெயராகத் தடவிப் பார்த்து முடித்தார். "என்ர பிள்ளையை நீ எங்க கண்டனீ?"